காரைக்குடியிலிருந்து சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு: முதன்முதலாக ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து மேட்ச் பார்க்கப் போகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்தில் கால்பந்து ஆடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டத்தை டிவியிலும் செல்போனிலும்தான் பார்த்திருக்கிறார்கள். நேரில் போக ஆசை இருக்கும். ஆனால் 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம், ராத்திரி முடிகிற ஆட்டம், தெரியாத ஊர் என்று யோசித்து யோசித்தே சீசன் முடிந்துவிடும். நானும் என் அண்ணன் மகனும் விசாரித்து, அலைந்து, ஒரு வழியாகப் பழகிக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. நம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு எல்லாமே தேவைப்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேட்ச் டிக்கெட் கிடைப்பது பெரிய காரியமே இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு எப்படி ஊர் திரும்புவது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதனால் திரும்பும் பயணத்தில் தொடங்கிப் பின்னோக்கித் திட்டம் போடுங்கள்.

1. எந்த ஆட்டம் என்று முடிவு செய்யுங்கள்

நமக்கு வசதியான தொழில்முறை அணி சென்னையின் எஃப்சி. 2014இல் தொடங்கிய கிளப். 2015இலும் 2017-18 சீசனிலும் ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. சொந்த மைதானம் பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். மெரினா அரீனா என்று கிளப் சொல்வதும் இதைத்தான்.

அட்டவணையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, அது சென்னையில் நடக்கும் ஆட்டமா என்பது. சென்னை அணியின் பெயர் இருந்தாலே சென்னையில் நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அட்டவணையில் முதலில் எழுதியிருக்கும் அணியின் ஊரில்தான் ஆட்டம். இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. கொச்சி கலூரிலும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம், டெல்லியிலும் அதே பெயர், கோயம்புத்தூரில் ஒரு நேரு ஸ்டேடியம். மைதானத்தின் பெயரோடு ஊரின் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

இரண்டாவது, கிழமை. சனிக்கிழமை ஆட்டம்தான் நமக்கு லாயக்கு. ஞாயிறு ஆட்டம் என்றால் திங்கள்கிழமை போய்விடும். படிக்கிற பிள்ளைகளுக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும் அது ஒத்துவராது.

மூன்றாவது, தொடங்கும் நேரம். பெரும்பாலும் இரவு 7.30 மணி. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் இருந்தால் ஒன்றை மாலை 5 மணிக்கு வைப்பார்கள். சென்னை ஆட்டம் 5 மணிக்கு வந்தால் விட்டுவிடாதீர்கள். 7.15க்கெல்லாம் வெளியே வந்துவிடலாம். எழும்பூரிலிருந்து இரவு எட்டரை மணி வாக்கில் காரைக்குடி வழியாகச் செங்கோட்டை போகும் சிலம்பு எக்ஸ்பிரஸ் வாரத்தில் சில நாட்கள் மட்டும் ஓடுகிறது. அந்த நாளும் 5 மணி ஆட்டமும் ஒத்துப்போனால் அன்று இரவே வண்டி ஏறிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. அட்டவணை வந்த பிறகும் தேதியும் நேரமும் மாறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், புயல் எச்சரிக்கை வந்தால் ஆட்டம் தள்ளிப்போகலாம். முதல் தடவை போகிறவர்கள் ஜனவரிக்குப் பிறகு வரும் ஆட்டமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. பொங்கல் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

2. திரும்பும் வண்டியை முதலில் பதிவு செய்யுங்கள்

7.30 மணி ஆட்டம் என்றால் 45 நிமிடம், 15 நிமிட இடைவேளை, மறுபடி 45 நிமிடம், இரண்டு பாதியிலும் சேர்க்கும் கூடுதல் நிமிடங்கள். விசில் ஊதும்போது மணி 9.25 ஆகிவிடும். கூட்டத்தோடு வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வர 9.45. அந்த நேரத்தில் காரைக்குடி பக்கம் வரும் ராத்திரி ரயில்கள் எல்லாம் எழும்பூரை விட்டுக் கிளம்பியிருக்கும். அப்போது மிச்சம் இருப்பவை இரண்டே வழி.

முதல் வழி, ராத்திரி பஸ். அரசு விரைவுப் பேருந்தானாலும் ஆம்னி பஸ்ஸானாலும் தென்மாவட்ட வண்டிகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ஸ்டேடியத்திலிருந்து கிளாம்பாக்கம் 30 கிலோமீட்டருக்கு மேல். பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம், அங்கிருந்து பஸ் என்று போக ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். ஆக 11.15க்கு முன்னால் அங்கே போய்ச் சேர முடியாது. 11.30க்குப் பிறகு கிளம்பும் வண்டியில் இடம் இருந்தால் மட்டும் இந்த வழியை யோசியுங்கள். 10.30 வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு எழுபதாவது நிமிடத்திலேயே எழுந்து ஓடுவதற்கு, வீட்டில் உட்கார்ந்து டிவியிலேயே பார்க்கலாம்.

பஸ் டிக்கெட்டில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. நள்ளிரவு 12 மணிக்கு மேல் கிளம்பும் வண்டிக்கு அடுத்த நாள் தேதி போட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் முடிந்து 12.15 வண்டி ஏறுகிறீர்கள் என்றால் டிக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை தேதி இருக்க வேண்டும். அடுத்தது ஏறும் இடம். ஒரு தனியார் பஸ்காரர் எங்களுக்கு ஓர் இடத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, வண்டி வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் போன் செய்து வேறு இடத்துக்கு வரச் சொன்னார். ராத்திரி நேரத்தில் ஆட்டோ பிடித்து ஓட வேண்டியதாயிற்று. கிளாம்பாக்கம் நிலையத்துக்கு உள்ளேயே ஏறும் வண்டியாகப் பாருங்கள்.

இரண்டாவது வழிதான் நான் எல்லாருக்கும் சொல்வது. ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் பிற்பகல் பல்லவனில் வந்துவிடுங்கள். பல்லவன் எக்ஸ்பிரஸ் தினமும் விடிவதற்கு முன்னால் காரைக்குடியில் கிளம்பி மதியம் பன்னிரண்டரை வாக்கில் எழும்பூர் சேரும். எழும்பூரில் பிற்பகல் 3.45 வாக்கில் கிளம்பி இரவு பத்தரை, பதினொன்றுக்குக் காரைக்குடிக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். சனிக்கிழமை காலை போய், ஞாயிறு ராத்திரி வீட்டில் இருக்கலாம். திங்கள்கிழமை வேலைக்கும் போகலாம்.

இதில் நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. வெள்ளி ராத்திரி சென்னையிலிருந்து நம் ஊருக்கும், ஞாயிறு ராத்திரி நம் ஊரிலிருந்து சென்னைக்கும்தான் நெரிசல். கல்யாணம், கோயில், வீடு பார்க்க என்று வருகிறவர்கள் அப்படித்தான் வந்து போவார்கள். சனிக்கிழமை காலை போய் ஞாயிறு பிற்பகல் திரும்பும் நாம் அந்த நெரிசலுக்கு எதிர்த்திசையில் பயணம் செய்கிறோம். முகூர்த்த நாட்களை ஒட்டி வரும் வாரத்தைத் தவிர, கொஞ்சம் முன்கூட்டிப் பார்த்தால் இடம் கிடைத்துவிடும்.

3. ரயில் டிக்கெட்

முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் திறக்கும். பல்லவனில் இரண்டாம் வகுப்பு உட்காரும் இருக்கை 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஏசி சேர் காருக்கு 600 ரூபாய் வாக்கில் ஆகும். பகல் பயணம்தான், ஜன்னலோரம் கிடைத்தால் இரண்டாம் வகுப்பே போதும்.

ஆட்டத் தேதி மாறும் என்று சொன்னேன் இல்லையா? அதற்காகப் பயந்து பதிவு செய்யாமல் இருக்காதீர்கள். இரண்டாம் வகுப்பு உட்காரும் டிக்கெட்டை முன்கூட்டியே ரத்து செய்தால் ஆளுக்கு 60 ரூபாய்தான் பிடிப்பார்கள். கடைசி நேரத்தில் இடம் இல்லாமல் தவிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இணையத்தில் எடுத்த டிக்கெட் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்து வண்டி ஏற முடியாது. காலை வண்டிக்கு முந்தைய நாள் இரவே சார்ட் தயாராகிவிடும் என்பதால், படுக்கப் போகும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தட்கல் என்றால் முந்தைய நாள் ஏசிக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்பே இணைத்துச் சரிபார்த்திருந்தால்தான் தட்கல் எடுக்க முடியும். இதைப் பத்து மணிக்கு உட்கார்ந்து செய்ய முடியாது, ஒரு வாரத்துக்கு முன்பே முடித்து வையுங்கள்.

எழும்பூர் நிலையத்தில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளை அவ்வப்போது தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள், அங்கிருந்தே கிளப்புகிறார்கள். டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்று போகும்போதும் பாருங்கள், வரும்போதும் பாருங்கள்.

செட்டிநாடு ஸ்டேஷன் வீட்டுக்குப் பக்கம் என்று கானாடுகாத்தான்காரர்கள் நினைக்கலாம். எல்லா விரைவு வண்டிகளும் அங்கே நிற்பதில்லை. காரைக்குடி ஜங்ஷனுக்கு வந்து ஏறுவதே நிச்சயம். பல்லவன் கிளம்பும் அந்த விடியாத நேரத்தில் டவுன் பஸ் ஓடாது. முந்தைய நாளே ஆட்டோவுக்குச் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் வண்டியை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டுப் போங்கள்.

4. மேட்ச் டிக்கெட்

ஆட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்னால்தான் விற்பனை தொடங்கும். கிளப்பின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ சமூக வலைத்தளப் பக்கத்திலோ இணைப்பு போடுவார்கள். அதன் வழியாக மட்டும் வாங்குங்கள். தேடுபொறியில் முதலில் வரும் பக்கத்தில் பணத்தைக் கட்டாதீர்கள். சாதாரண ஸ்டாண்டுக்கு ஏறக்குறைய ஒரு சினிமா டிக்கெட் விலைதான். விஐபி இருக்கைக்குப் பல மடங்கு, முதல் தடவைக்கு அது வேண்டவே வேண்டாம்.

எந்த ஸ்டாண்ட் என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. இது கால்பந்துக்கு மட்டும் கட்டிய மைதானம் இல்லை. ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தய டிராக் இருக்கிறது. அதனால் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்து பார்ப்பது போலத் தோன்றுமே தவிர, எதிர்ப்பக்கக் கோல் முனையில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. கொஞ்சம் மேலே ஏறி, நடுக்கோட்டுக்கு நேராக உட்காருங்கள். தடுப்பாட்டக்காரர்கள் நாலு பேரும் ஒரே கோடாக முன்னால் வருவதும் பின்வாங்குவதும் அங்கிருந்து பார்த்தால் அப்படியே தெரியும். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இதைக் காட்டவே காட்டாது. ஆட்டம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு காட்சிக்காகவே நடுப்பகுதி டிக்கெட்டுக்குக் கூடக் கொஞ்சம் கொடுக்கலாம்.

பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர்மச்சான்ஸ் என்று ரசிகர் குழுக்கள் இருக்கின்றன. மேளமும் பாட்டுமாக ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே இருப்பார்கள். உற்சாகம் வேண்டும் என்றால் அவர்கள் பக்கம் போகலாம். பெரியவர்களோடும் சின்னக் குழந்தைகளோடும் போனால் அவர்கள் இருக்கும் ஸ்டாண்டைத் தவிர்த்துவிடுங்கள்.

கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்துக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. அன்று மஞ்சள் சட்டையில் பெரிய கூட்டம் வரும், டிக்கெட்டும் சீக்கிரம் தீரும். சூழல் அருமையாக இருக்கும், ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு நெரிசல் அதிகம். அந்த ஆட்டத்துக்குத்தான் போவேன் என்றால், சென்னை ரசிகர்கள் பக்கம் உட்காரும் நாளில் மஞ்சள் சட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு ரயிலில் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஸ்டேடியத்தில் கணக்கு வேறு, ஆட்டத்துக்கு ஆட்டம் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் போனில் வரும் கியூஆர் என்றால், ஊரிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவர் போனிலும் அனுப்பி வையுங்கள். கூட்டம் சேர்ந்தால் வாசலில் நெட் வேலை செய்யாது. சில டிக்கெட்டுகளில் ஸ்கிரீன்ஷாட் செல்லாது என்று எழுதியிருக்கும். அப்படியானால் வரிசையில் நிற்பதற்கு முன்பே செயலியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. கையில் இருக்க வேண்டியவை

ஆதார் அட்டை அசல். ரயிலுக்கு டிஜிலாக்கரில் இருப்பது போதும். லாட்ஜில் அசலைக் கேட்பார்கள், கூட வருகிற பெரியவர்கள் எல்லாரிடமும் கேட்பார்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் மட்டும் தனியாகப் போனால் ரூம் கொடுக்க மாட்டார்கள், பெரியவர் ஒருவர் கூட வந்தே ஆக வேண்டும். வீட்டில் அப்பச்சியிடம் அனுமதி கேட்கும்போதே இதையும் சொல்லிக் கேளுங்கள்.

ரயில் டிக்கெட், லாட்ஜ் பதிவு, மேட்ச் டிக்கெட் மூன்றையும் ஒரே ஆளின் பெயரில் எடுத்தால் குழப்பம் குறையும். ஒரு சின்னப் பூட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று ஏழாவதில் சொல்கிறேன்.

6. தங்கும் இடம்

எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேன் பக்கம் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. பெரியமேட்டிலும் உண்டு. ஆனால் மறுநாள் ரயில் எழும்பூரில் என்பதால் எழும்பூரே வசதி. இரண்டு பேர் தங்கும் சாதாரண ரூமுக்கு 1000 முதல் 1800 ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையைக் கேட்கும் முன்னால் செக் அவுட் எப்போது என்று கேளுங்கள். 24 மணி நேரக் கணக்கு என்றால், மதியம் 1 மணிக்கு ரூம் எடுத்து மறுநாள் 1 மணிக்குக் காலி செய்யலாம். பகல் 12 மணிக் கணக்கு என்றால், சில இடங்களில் அரை நாளுக்கு ஒரு முழு நாள் வாடகை வாங்கிவிடுவார்கள். போனில் பேசும்போதே இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுதியான ரயில் டிக்கெட் இருந்தால் எழும்பூர் ஸ்டேஷனில் உள்ள ஓய்வறையையும் ஐஆர்சிடிசி வழியாகப் பதிவு செய்யலாம். குறைந்த வாடகை, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

7. பையை என்ன செய்வது

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்டேடியத்துக்குள் பெரிய பை, தண்ணீர் பாட்டில், வெளிச் சாப்பாடு, லைட்டர், பவர் பேங்க், ஹெல்மெட் எதையும் விடமாட்டார்கள். சில நாட்களில் சில்லறைக் காசைக்கூட எடுக்கச் சொல்வார்கள். பையை வாங்கி வைத்துக்கொள்ள வாசலில் ஆள் இருப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

வீட்டில் கட்டிக் கொடுத்த புளிச்சாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் ரயிலிலேயே தீர்ந்துவிடும். தேன்குழலும் சீடையும்தான் மிச்சம் இருக்கும். ஒரு முறை எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் ஒரு டப்பா நிறைய முறுக்கை வாசலிலேயே பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காலி டப்பாவோடு நின்றது. அந்த டப்பாவையும் உள்ளே விடவில்லை. பலகாரம் எல்லாம் லாட்ஜ் ரூமிலேயே இருக்கட்டும்.

ரூம் எடுக்காமல் ராத்திரி பஸ்ஸில் திரும்புகிறவர்கள் ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் பையை வைக்கலாம். கட்டணம் குறைவுதான். ஆனால் ரயில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், பை பூட்டியிருக்க வேண்டும். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். அந்தச் சின்னப் பூட்டு இதற்குத்தான்.

8. ஸ்டேடியத்துக்குப் போகும் வழி

எழும்பூர் மெட்ரோவில் ஏறி அடுத்த நிறுத்தமான சென்ட்ரலில் இறங்குங்கள். ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடந்தால் ராஜா முத்தையா சாலை. மொத்தம் ஒரு கிலோமீட்டர் போல இருக்கும். 1933இல் சென்னையில் மேயர் பதவி மீண்டும் வந்தபோது முதல் மேயரான நம் செட்டிநாட்டு ராஜா சர் முத்தையா செட்டியாரின் பெயர்தான் அது. அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆட்டோவில் போவதானால் “பெரியமேடு நேரு ஸ்டேடியம், ஃபுட்பால் மேட்ச்” என்று முழுசாகச் சொல்லுங்கள். வெறுமனே ஸ்டேடியம் என்றால் சேப்பாக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். நேரு ஸ்டேடியம் என்று மட்டும் சொன்னால் பக்கத்தில் இருக்கும் உள்விளையாட்டு அரங்கத்தின் வாசலில் இறக்கிவிட வாய்ப்பு உண்டு.

7.30 ஆட்டத்துக்கு 6 மணிக்கு அங்கே இருங்கள். டிக்கெட்டில் ஸ்டாண்டும் கேட்டும் எழுதியிருக்கும். ஸ்டேடியம் வட்டம். தப்பான பக்கம் சுற்ற ஆரம்பித்தால் உங்கள் கேட்டுக்கு வர இருபது நிமிடம் ஆகிவிடும். முதலில் தெரியும் காவலரிடமே கேட் நம்பரைக் காட்டிக் கேளுங்கள். சோதனைக்கு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை, அதனால் உள்ளே எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள். உள்ளே தண்ணீரும் தின்பண்டமும் விற்பார்கள், விலை கூடுதல். ஆறு மணிக்குள் வெளியே டிபன் சாப்பிட்டுவிடுவது நல்லது.

சீக்கிரம் போவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு இறங்குவார்கள். கோல்கீப்பருக்கு அவருடைய பயிற்சியாளர் ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு உயரத்தில் பந்தை அடித்துக்கொண்டே இருப்பார். கோல்கீப்பர் ஒவ்வொரு தடவையும் முதலில் காலை நகர்த்திவிட்டுத்தான் கையை நீட்டுவார். எங்கள் வீட்டுப் பையன் கோல்கீப்பர். அதைக் கண் எடுக்காமல் பார்த்தான். அதெல்லாம் டிவியில் வரவே வராது.

9. முடிந்த பிறகு

விசில் ஊதியதும் எழுந்து ஓடாதீர்கள். பத்து நிமிடம் உட்காருங்கள், ஆட்டக்காரர்கள் ரசிகர்களைப் பார்த்துக் கைதட்ட வருவார்கள், நெரிசலும் குறையும். மெட்ரோ இரவு 11 மணி வரை ஓடுகிறது, எழும்பூர் திரும்ப அவசரமே இல்லை. ஸ்டேடியம் வாசலில் ஆட்டோ கேட்டால் இரண்டு மடங்கு சொல்வார்கள், சென்ட்ரல் வரைக்கும் நடந்துவிடுங்கள்.

மொத்தச் செலவு ஆளுக்கு ஏறக்குறைய இப்படி வரும்: ரயில் போக வர 400, ரூமில் பங்கு 500 முதல் 900, மேட்ச் டிக்கெட் 200 முதல் 500, சாப்பாடு 500, மெட்ரோவும் ஆட்டோவும் 200. கையில் 2500 ரூபாய் இருந்தால் நெருக்கடி இல்லாமல் போய் வரலாம். ஜெர்சி வாங்க ஆசை இருந்தால் அதற்குத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஞாயிறு ராத்திரி பல்லவன் காரைக்குடி சேரும்போது புதுவயல், பள்ளத்தூர் பக்கம் போகும் பஸ் பெரும்பாலும் முடிந்திருக்கும். வண்டி புதுக்கோட்டையைத் தாண்டும்போதே வீட்டுக்கோ ஆட்டோக்காரருக்கோ போன் செய்துவிடுங்கள்.